கொலோனோஸ்கோபியை அரசில் எடுப்பதா, தனியாரில் எடுப்பதா?

அக்காவின் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. வயது 54, மாதவிடாய் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. இந்த நிலையில் இரும்புச்சத்து குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் வயிறும் குடலும்தான். நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாததால் மருத்துவர் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் ஏழு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள், தனியாரில் நாளை மறுநாளே வரச் சொன்னார்கள். அன்று இரவு வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. காசு போனால் போகிறது, உயிரைவிடக் காசா என்று அத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, பொறுத்துப் போவோம் என்று அண்ணன். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பெருங்குடல் புற்றுநோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்த எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். 2022 கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, 9 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள். ஆனால் சந்தேகம் என்பது நோய் அல்ல, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில், குடல் புற்றுநோய் சந்தேகத்தால் அவசரப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட கிட்டத்தட்ட 10,000 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், உண்மையிலேயே புற்றுநோய் இருந்தது நூற்றுக்கு மூன்று பேருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மீதிப் பேருக்கு மூலம், குடல் அழற்சி, பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி, அல்லது ஒன்றுமே இல்லை. அதே சமயம் அந்த மூன்று பேரில் நாம் இருந்தால் என்ற பயமும் நியாயமானது. அதனால்தான் எல்லோரும் "எங்கே சீக்கிரம்?" என்று மட்டும் கேட்கிறோம். நான் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்வி தப்பில்லை, ஆனால் அது போதாது என்பது எங்களுக்கு அடுத்த ஏழு வாரத்தில் புரிந்தது.

சரி, முதலில் வேகத்தைப் பார்ப்போம். இந்த நோய் பெரும்பாலும் ஒரு சின்ன பாலிப்பில் தொடங்கி, புற்றாக மாற ஏறக்குறைய பத்து வருஷம் எடுத்துக்கொள்கிறது. ஆக, அது மெதுவாக நடக்கும் சங்கதி. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மலத்தில் ரத்தம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்த 70,000க்கும் மேற்பட்டவர்களில், ஒரு மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்தவர்களையும் தாமதமாகச் செய்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது மாதம் வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பத்து மாதத்தைத் தாண்டியவர்களிடம்தான் புற்றுநோயும், அதிலும் முற்றிய நிலையும், தெளிவாகக் கூடியிருந்தன. ஆனால் இவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாமல் வழக்கமான சோதனைக்கு வந்தவர்கள். ரத்தம் போகிறவர், எடை குறைகிறவர், ரத்தச்சோகை வந்தவர் இந்தக் கணக்கை அப்படியே தனக்கு எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கக் கூடாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: சில வாரக் காத்திருப்பு ஆளைக் கொன்றுவிடாது, தூக்கம் கெட்டு அலைய வேண்டாம்.

ஆனால் நோய் உறுதியான பிறகு கணக்கு மாறுகிறது. 2020இல் வந்த இன்னொரு ஆய்வு, பல வகைப் புற்றுநோய்களில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்றது. இங்கேதான் தனியார், அரசு என்ற பேச்சில் எல்லோரும் கோட்டைவிடுகிறோம். கொலோனோஸ்கோபி என்பது ஒரு நீண்ட வரிசையில் ஒரே ஒரு படி. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை. அதற்குப் பின்னால் பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) முடிவு, சி.டி. ஸ்கேன், மலக்குடல் என்றால் எம்.ஆர்.ஐ., மருத்துவர்கள் கூடிப் பேசுவது, அப்புறம் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ கீமோவோ. தனியாரில் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அந்த ஒரு படியின் வேகத்தைத்தான். அடுத்த படியில் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டி வந்தால் மிச்சப்படுத்திய வாரங்கள் எல்லாம் அங்கே போய்விடும்.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதுதான்: "ஏதாவது இருந்தால், மறுநாளிலிருந்து என்ன நடக்கும்? யார் பொறுப்பு?" பதில் தெளிவாக வந்தால் அந்த இடம் நல்ல இடம். "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

நாங்கள் தனியாருக்கே போனோம். கட்டிடம் பளிச்சென்று இருந்தது, வரவேற்பில் அன்பாகப் பேசினார்கள், மருத்துவரும் பொறுமையானவர். குடல் சுத்தம் செய்யும் பேதி மருந்தை முந்தின நாள் சாயங்காலமே முழுவதும் குடித்து முடித்துவிடச் சொன்னார்கள். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளர் டம்ளராகக் குடித்தாள், ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். பரிசோதனை மறுநாள் மதியம் ஒரு மணிக்கு. ரிப்போர்ட் கையில் வந்ததும் எங்கள் கண்ணில் பட்டது ஒரு வார்த்தைதான்: மூலம். அத்தான் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

ராத்திரி பதினோரு மணிக்கு நான் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். மேலே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. குடல் சுத்தம் போதவில்லை. கருவி கல்லீரலுக்குக் கீழே உள்ள வளைவு வரை மட்டுமே போனது, பார்த்த வரை கட்டி எதுவும் இல்லை. அதாவது பெருங்குடலின் வலது பக்கம், ஏறு பெருங்குடலும், சிறுகுடல் வந்து சேரும் சீக்கம் என்ற இடமும், பார்க்கப்படவே இல்லை. ரத்தச்சோகையோடு வரும் குடல் புற்று பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அந்த வலது பக்கத்தில்தான். அங்கே மலம் இன்னும் தண்ணீராக இருப்பதால் அடைப்பு சீக்கிரம் வராது, கசியும் ரத்தம் வழியிலேயே மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது, ஆள் மெல்ல மெல்ல வெளுத்துப்போவது மட்டுமே அறிகுறி. எந்தக் கேள்விக்குப் பதில் தேடி அந்தக் குழாயை விட்டார்களோ, அந்தக் கேள்வி அப்படியே மிச்சம் இருந்தது.

பேதி மருந்து விஷயமும் பிறகுதான் தெரிந்தது. அதை இரண்டு பாகமாகப் பிரித்து, இரண்டாவது பாகத்தைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு குடித்தால்தான் வலது பக்கம் சுத்தமாக இருக்கும், இன்றைய வழிகாட்டல்கள் எல்லாம் சொல்வது இதைத்தான். மதியம் ஒரு மணிப் பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் குடித்து முடித்தால், இடையில் சிறுகுடலிலிருந்து வடிந்து வருவது மறுபடி அங்கே படிந்துவிடுகிறது. இது அந்த மருத்துவரின் கெட்ட எண்ணம் இல்லை, ஒரு பழைய அச்சிட்ட தாளை அப்படியே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அது ஒரு முழுப் பரிசோதனையாகவே கணக்கில் சேராமல் போனது.

இதைச் சொல்வது தனியார் மோசம் என்று காட்ட அல்ல. எதிர்மாறான கதையும் எனக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் ஒருவரின் அப்பாவுக்கு ஓர் அரசு மருத்துவமனையில் எழுதிய சீட்டு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகும் வழியில் காணாமல் போய், தேதி வரும் வரும் என்று ஐந்து மாதம் காத்திருந்தார்கள். கடைசியில் தனியாரில் மூன்றே நாளில் பார்த்துக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே தனியார்தான் அவரைக் காப்பாற்றியது. இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாசலில் என்ன பலகை தொங்குகிறது என்பதைவிட, உள்ளே அந்தக் குழாயைப் பிடிப்பவர் யார், தாள் கைமாறும் இடத்தில் யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது என்று தெரிகிறது.

குழாயைப் பிடிப்பவர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொலோனோஸ்கோபியை ஸ்கேன் மாதிரி ஓர் இயந்திரம் செய்வதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கைவேலை. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 136 மருத்துவர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோபிகளை எடுத்துப் பார்த்தார்கள். நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேரிடம் அடினோமா என்ற ஆபத்தான வகைப் பாலிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது ஒரு மருத்துவருக்கு 7 ஆகவும் இன்னொருவருக்கு 52 ஆகவும் இருந்தது. இந்த விகிதம் ஒரு சதவீதம் கூடினால், அடுத்த சோதனைக்கு முன் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி ஒரே மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களிடையே! கருவி சீக்கம் வரை போய்ச் சேர்ந்ததா என்பது முதல் கேள்வி, நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடமாவது சேர வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. திரும்பி வெளியே இழுக்கும்போதுதான் உண்மையில் பார்க்கிறார்கள், அதற்குக் குறைந்தது 6 நிமிடம் எடுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, 2024இல் அமெரிக்க வழிகாட்டல் அதை 8 ஆக்கிவிட்டது. நல்ல ரிப்போர்ட்டில் இந்த நிமிடக் கணக்கு இருக்கும், சீக்கத்தின் படம் இருக்கும், சுத்தத்துக்கு மதிப்பெண் இருக்கும். பாஸ்டன் அளவுகோல் என்பார்கள், குடலை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கொடுப்பார்கள், எந்தப் பகுதியும் 2க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கையில் உள்ள ரிப்போர்ட்டில் இவை இருக்கின்றனவா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அரசு மருத்துவமனையின் பலம் வேறு. பெரிய மருத்துவமனை என்றால் கொலோனோஸ்கோபி, சி.டி., நோய்க்குறியியல், அறுவை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வாய்ப்பு அதிகம், வாரம் ஒருமுறை எல்லாத் துறையினரும் கூடி ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் திரையில் போட்டுப் பேசும் வழக்கமும் இருக்கும். மலக்குடல் புற்றுநோய்க்கு இந்தக் கூட்டம் உயிர்நாடி. பெருங்குடலில் என்றால் பெரும்பாலும் முதலில் அறுவைதான், ஆனால் மலக்குடலில் பல பேருக்கு முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, அதன் பிறகே அறுவைக்குப் போவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அவசரப்பட்டுக் கத்தி வைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். 2022இல் நியூயார்க்கில், எம்.எம்.ஆர். என்ற, டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் புரதம் குறைபட்ட மலக்குடல் புற்று உள்ள பன்னிரண்டு பேருக்கு நோயெதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். அத்தனை பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அந்த வகைப் புற்று உள்ளவர்கள் சிறுபான்மைதான். ஆனால் பயாப்ஸியில் அந்தச் சோதனையைக் கேட்டால்தானே தெரியும்? ஆக, "நாளைக்கே ஆபரேஷன்" என்று யாராவது சொன்னால், எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா, கூட்டத்தில் பேசியாயிற்றா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். தனியாரிலும் பெரிய புற்றுநோய் மையங்களில் இந்தக் கூட்டம் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

எதுவானாலும் கொலோனோஸ்கோபிக்கு முன் செய்ய வேண்டிய இரண்டு சின்ன விஷயங்கள் உண்டு, இரண்டு பக்கமும் கிடைக்கும். ஒன்று, ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஃபிட் என்ற மலப் பரிசோதனை. ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ரத்தப் புரதம் இருந்தால் அவசரமாகப் பார்க்கச் சொல்வது 2023 முதல் இங்கிலாந்து வழிகாட்டல். முன்பு சொன்ன அதே 2021 ஆய்வில், இந்த அளவுகோல் புற்றுநோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்தது. மீதி ஒருவரை விட்டுவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்: ஃபிட் சரியாக இருந்தும் தொந்தரவு நிற்கவில்லை என்றால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். இந்த எண்ணை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். "வயிற்று வலி, கொலோனோஸ்கோபி தேவை" என்று எழுதிய சீட்டும், "ஃபிட் 180, ஹீமோகுளோபின் 8.2, ஆறு கிலோ எடை குறைவு" என்று எழுதிய சீட்டும் அரசு வரிசையில் ஒரே இடத்தில் நிற்காது. தேதி முன்னால் வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. யாராவது வராமல் போனால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்து வைப்பதும் பல நேரம் பலிக்கிறது.

காசு கொடுத்து வாங்கக் கூடாதவையும் உண்டு. சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை வைத்துக் குடல் புற்று இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அது ஏற்கெனவே நோய் உள்ளவரைப் பின்தொடரத்தான். சந்தேக நிலையிலேயே முழு உடல் பெட் ஸ்கேன் தேவையில்லை. பாதிக் குடலை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி, ரத்தச்சோகை உள்ளவருக்குப் போதாது. சி.டி. ஸ்கேனிலேயே பெருங்குடலைப் பார்க்கும் சி.டி. கொலோனோகிராபி நல்ல மாற்று, வயதானவர்களுக்கு, குழாய் தாங்காதவர்களுக்கு. ஆனால் அதில் ஏதாவது தெரிந்தால் பயாப்ஸிக்கு மறுபடி குழாய்தான்.

தனியாரில் கட்டணம் கேட்கும்போது கொலோனோஸ்கோபிக்கு மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மயக்க மருத்துவர், பாலிப் எடுத்தால் அதற்கு, பயாப்ஸி ஒவ்வொரு புட்டிக்கும், எல்லாம் தனித் தனியாக வரலாம். காப்பீடு இருந்தால் முன் அனுமதி முதலில். பாலிப் இருந்தால் அன்றே எடுப்பார்களா, இல்லை இன்னொரு நாள் வரச் சொல்வார்களா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் எதை எப்போது நிறுத்த வேண்டும்? குடலில் ஓட்டை விழுவது அரிது, ஆயிரம் இரண்டாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில்தான், ஆனாலும் விழுந்தால் அங்கேயே அறுவை செய்ய வசதி உண்டா என்று தெரிந்துகொள்வது நல்லது.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் போகாமல் வலித்தாலோ, ரத்தம் கட்டி கட்டியாகப் போய்த் தலை சுற்றினாலோ இந்தக் கட்டுரையையே மூடி வையுங்கள். அன்றே, எந்த நேரமானாலும், அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி என்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்வது இப்படித்தான்: அரசில் தேதி நாலைந்து வாரத்துக்குள் இருக்கிறது, இடமும் எல்லா வசதியும் உள்ள இடம் என்றால் அங்கேயே இருங்கள். தேதி மாதக்கணக்கில் தள்ளுகிறது, கூடவே ஃபிட் அதிகம், ரத்தச்சோகை, எடைக் குறைவு என்று ஏதாவது இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது என்றால் கொலோனோஸ்கோபியை மட்டும் தனியாரில் செய்துகொள்ளுங்கள், ஆனால் அரசுத் தேதியை ரத்து செய்யாதீர்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால், அந்தப் பணம் பின்னால் சிகிச்சை நாட்களில் தேவைப்படும் என்பதையும் யோசியுங்கள், ஏனென்றால் செலவு பரிசோதனையோடு நிற்பதில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை, உனக்கெல்லாம் மூலமாகத்தான் இருக்கும் என்று யாராவது பரிசோதிக்காமலே அனுப்பினால் ஏற்காதீர்கள். இளவயதில் இந்த நோய் கூடி வருவதால்தான் அமெரிக்காவில் வழக்கமான சோதனையைத் தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45 ஆக்கினார்கள்.

நாங்கள் அந்த அரசுத் தேதியை விட்டுவிடாமல் வைத்திருந்தோம். நல்ல யோசனையால் அல்ல, ரத்து செய்ய அங்கே போய் நிற்க நேரம் கிடைக்காததால். ஏழாவது வாரம் போனோம். மருந்தை இரண்டு பாகமாகக் குடிக்கச் சொன்னார்கள், இரண்டாவது பாகத்துக்கு அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து அக்காவை எழுப்பினேன். நெரிசலான கூடம், உட்கார இடமில்லை, மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்த இளம் மருத்துவர் சீக்கம் வரை போய், திரும்பி வரும் வழியில் ஏறு பெருங்குடலில் அதைப் பார்த்தார். பயாப்ஸி எடுத்துவிட்டு, அறுவை செய்பவர் வெளியிலிருந்து இடத்தை அடையாளம் காண வேண்டுமே என்று குடல் சுவரில் கறுப்பு மை ஊசியும் போட்டுவிட்டார். அதே வாரம் சி.டி., அடுத்த வாரம் கூட்டம், நான்காவது வாரம் அறுவை. அறுவைக்கு முன் மருத்துவர் முதல் தனியார் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் படித்தார், சுத்தம் போதவில்லை என்ற அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். கட்டி குடல் சுவரைத் தாண்டி இருந்தது, நிணநீர் முடிச்சுகளில் இல்லை. இரண்டாம் நிலை என்றார்கள்.

அறுவை முடிந்து ஒரு வருஷத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும், அது அடுத்த மாதம். எல்லா ரிப்போர்ட்டும், சி.டி. தகடும், பயாப்ஸி எண்ணும் ஒரே கோப்பில் இருக்கின்றன. அலாரம் மூன்று மணிக்குத்தான், அக்கா இப்போதே சொல்லிவிட்டாள்.